சைக்கிளுக்கு மின்சார கிட்: ஆன்லைனில் வாங்குவதற்கு முன் அளக்க வேண்டியதும் கேட்க வேண்டியதும்

சாதாரண சைக்கிளை மின்சார சைக்கிளாக மாற்றும் 'கன்வர்ஷன் கிட்' என்று தேடினால் திரை முழுக்கச் சக்கரங்கள் வந்து நிற்கும். படங்கள் எல்லாம் ஒன்றுபோல இருக்கும். விலை மட்டும் ஒன்றுக்கொன்று இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று ஏறி இறங்கும். ஏன் அப்படி என்று விற்பவர் யாரும் விளக்குவதில்லை. நான் ஒரு கிட்டைத் தேர்ந்தெடுத்து, வரவழைத்து, மாட்டி, சாலையில் இறக்கும் வரை பட்ட பாடு மோட்டாரால் வந்ததே இல்லை. சக்கர அளவு, ஆக்சில் (சக்கர அச்சு) பொருத்தம், பேட்டரி வந்து சேரும் வழி, பழுதானால் அதைத் திருப்பி அனுப்பும் வழி ஆகிய இந்த நான்கில்தான் நேரமும் பணமும் கரைந்தன. அதனால் மோட்டாரைப் பற்றிக் குறைவாகவும் இவற்றைப் பற்றி அதிகமாகவும் சொல்கிறேன்.

1. சட்டம் எதுவரை விடுகிறது என்று பாருங்கள்

மோட்டார் பொருத்திய சைக்கிள் எதுவரை சைக்கிள், எங்கிருந்து மோட்டார் வாகனம் என்பதை ஒவ்வொரு நாடும் தனித்தனியாக வரையறுத்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் மோட்டாரின் தொடர் திறன் 250 வாட்டைத் தாண்டக் கூடாது. மிதிக்கும்போது மட்டும் உதவ வேண்டும். மணிக்கு 25 கி.மீ. வந்ததும் உதவி நிற்க வேண்டும். இந்தியாவிலும் 250 வாட், 25 கி.மீ. என்பவைதான் எல்லை. அமெரிக்கக் கூட்டரசின் வரையறை 750 வாட்டுக்குக் கீழ், மோட்டாரால் மட்டும் ஓடினால் 20 மைல் வேகத்துக்குக் கீழ்; அதற்கு மேல் மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். எல்லையைத் தாண்டினால் பதிவு எண், காப்பீடு, ஓட்டுநர் உரிமம் எல்லாம் வந்து ஒட்டிக்கொள்ளும்.

1000 வாட், 1500 வாட் கிட்டுகள் எந்த நாட்டுக்கும் தாராளமாக அனுப்பப்படுகின்றன. விற்பனைப் பக்கத்தின் அடியில் 'பொதுச் சாலைக்கு அல்ல' என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும், அவ்வளவுதான். விற்பவரின் பொறுப்பு அந்த வரியோடு முடிந்துவிடும். நாளைக்கு ஒரு விபத்து என்றால் காப்பீட்டு நிறுவனம் முதலில் கேட்கப்போவது உங்கள் மோட்டாரின் வாட் எண்ணைத்தான்.

2. கிட்டைத் தேடும் முன் சைக்கிளை அளந்துகொள்ளுங்கள்

கையில் ஒரு வெர்னியர் காலிப்பர், இல்லாவிட்டால் ஒரு நல்ல இரும்பு ஸ்கேல் போதும். ஒவ்வொரு அளவையும் ஸ்கேலோடு சேர்த்துப் படம் எடுத்து வையுங்கள். விற்பவரிடம் பேசும்போது நூறு வரி எழுதுவதைவிட அந்தப் படங்கள் அதிகம் பேசும்.

முதலில் சக்கரம். '26 இன்ச்' என்று சொல்லி ஆர்டர் போடாதீர்கள். டயரின் பக்கவாட்டில் 50-559, 37-590 என்பதுபோல இரண்டு எண்கள் சேர்ந்த ஒரு குறி அச்சாகியிருக்கும். இரண்டாவது எண்தான் ரிம்மில் டயர் உட்காரும் விட்டம், மில்லிமீட்டரில். மலைப்பாதை சைக்கிள்களின் 26 இன்ச் என்பது 559. பழைய பாணிச் சைக்கிள்களில் வரும் 26 × 1 3/8 என்பது 590. இரண்டும் பேச்சுக்கு 26 இன்ச்தான், ஆனால் ஒன்றின் டயர் மற்றதன் ரிம்மில் ஏறவே ஏறாது. கிட்டோடு வருவது பெரும்பாலும் 559. அதே மாதிரி 27.5 என்றால் 584. 29 இன்ச்சும் 700சி-யும் 622. 28 × 1 1/2 என்பது 635. ரிம் பிரேக் உள்ள சைக்கிளில் இது தப்பினால் பிரேக் கட்டை ரிம்மைத் தொடாது, டயரைத் தொடும். ராடு பிரேக் உள்ள சைக்கிள் என்றால் கிட்டோடு வரும் ரிம்மின் வடிவமே ஒத்துவராது. மோட்டாரை மட்டும் வாங்கி உங்கள் ரிம்மில் ஸ்போக் கோக்க வேண்டியிருக்கும்.

அடுத்தது ஆக்சில் உட்காரும் இடைவெளி. சக்கரத்தைக் கழற்றிவிட்டு, ஃபோர்க்கின் இரண்டு காதுகளுக்கும் நடுவே உள்புறமாக அளங்கள். முன்பக்கம் சாதாரணமாக 100 மி.மீ.; பின்பக்கம் கியர் சைக்கிளில் பெரும்பாலும் 135, சாலை ரேஸ் வகையில் 130, பழைய சைக்கிளில் 120 அல்லது 126. தடித்த டயர் வண்டிகளில் 170-க்கு மேல் போகும். இரும்பு ஃபிரேம் என்றால் நாலைந்து மில்லிமீட்டர் விரித்துப் பொருத்திவிடலாம். அலுமினியத்தில் அந்த வேலை வேண்டாம், விரிசல் விடும்.

அப்புறம் அந்தக் காதுகளில் ஆக்சில் நுழையும் வாயின் அகலம். சக்கரத்தின் நடுவே உட்காரும் ஹப் மோட்டார்கள் பெரும்பாலானவற்றின் ஆக்சில் 12 அல்லது 14 மி.மீ. தடிமன், இரண்டு பக்கமும் சீவி 10 மி.மீ. தட்டையாக்கியிருப்பார்கள். பின்பக்க வாய் 10 மி.மீ. இருப்பதால் சரியாக இறங்கும். முன் ஃபோர்க்கின் வாய் 9 மி.மீ.தான் இருக்கும், கொஞ்சம் அரம் போட்டுத் தேய்க்க வேண்டியிருக்கும். புது மாடல்களில் வாயே இல்லாமல், ஓட்டை வழியாக நீளமான கம்பியைச் செருகித் திருகும் ஆக்சில் உண்டு. அதற்குச் சாதாரண ஹப் மோட்டார் கிட் பொருந்தாது. விற்பனைப் பக்கத்தில் 'எல்லா சைக்கிளுக்கும்' என்று எழுதியிருந்தாலும் பொருந்தாது.

முன் ஃபோர்க்கில் இன்னொன்றையும் குனிந்து பாருங்கள். வாயைச் சுற்றி வெளிப்பக்கம் ஒரு சின்ன விளிம்பு, உதடு மாதிரி தூக்கிக்கொண்டிருக்கும். நட்டு தளர்ந்தாலும் சக்கரம் கழன்றுவிடக் கூடாது என்பதற்காக வைத்தது அது. மோட்டாரோடு வரும் பெரிய வாஷர் அந்த உதட்டின் மேல் ஏறி உட்காரும். நட்டை எவ்வளவு இறுக்கினாலும் வாஷர் ஒரு ஓரத்தில் மட்டும்தான் அழுத்தும். ஓட ஓடத் தளர்ந்துவிடும். உதட்டுக்குள் அடங்குகிற 'சி' வடிவ வாஷர் தனியாகக் கிடைக்கும். விலை அற்பம், கிட்டோடு வருவதுதான் அபூர்வம்.

கியர் உள்ளவர்கள் பின்பக்கப் பல்சக்கரத் தொகுப்பு திருகி ஏறும் ஃப்ரீவீலா, வரிப்பள்ளத்தில் செருகும் கேசட்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மோட்டாரை அதற்கேற்பத்தான் வாங்க வேண்டும். விலை குறைந்த கிட்டுகள் பெரும்பாலும் ஃப்ரீவீலுக்குத்தான். டிஸ்க் பிரேக் என்றால் மோட்டாரில் ஆறு போல்ட் டிஸ்க் மாட்டும் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். பெரிய விட்டமுள்ள மோட்டாரின் மூடி பிரேக் காலிப்பரில் உரசுவதும் உண்டு. இடைவெளியை முன்கூட்டியே கேட்டு வாங்க வேண்டும்.

கடைசியாக, ஃபிரேமின் முக்கோணத்துக்குள் எவ்வளவு இடம் என்று ஓர் அட்டையை வெட்டி வைத்துப் பாருங்கள். தண்ணீர் பாட்டில் மாட்டும் இரண்டு திருகு ஓட்டைகள் இருந்தால் பேட்டரியை அங்கே மாட்டலாம். மேல்குழாய் சாய்ந்து கீழிறங்கும் லேடீஸ் சைக்கிள் வகை ஃபிரேமில் இடமே இருக்காது, கேரியர் வகைப் பேட்டரிதான் வழி. பேட்டரியை மேல்நோக்கி உருவி எடுக்க வேண்டியிருப்பதால் அதன் நீளத்தோடு சில சென்டிமீட்டர் கூடுதலாகவும் விடுங்கள்.

3. மோட்டார் எங்கே உட்கார வேண்டும்?

மூன்று இடம் உண்டு: முன்சக்கரம், பின்சக்கரம், பெடல் அச்சு.

முன்சக்கரக் கிட் மாட்டுவதற்குச் சுலபம். கியரையும் செயினையும் தொடவே வேண்டாம். ஆனால் ஃபோர்க் இரும்பாக இருக்க வேண்டும். கார்பன் ஃபோர்க்கில் மாட்டவே கூடாது. சஸ்பென்ஷன் ஃபோர்க்கின் காதுகள் வார்ப்பு உலோகம், திருகுவிசையில் உடைந்தால் ஆள் முகங்குப்புற விழ வேண்டியதுதான். 250 வாட்டுக்கு மேல் முன்சக்கரத்தில் வேண்டாம் என்பது என் கட்சி.

பின்சக்கரம்தான் பெரும்பாலோருக்குச் சரி. இதில் இரண்டு வகை. உள்ளே சின்னப் பல்சக்கரங்கள் உள்ள கியர் ஹப், எடை குறைவு; மோட்டார் ஓடாதபோது இழுக்காது; ஏற்றத்தில் நன்றாகத் தள்ளும். உள்ளே பல்சக்கரமே இல்லாத நேரடி ஹப், சத்தமில்லாமல் ஓடும். பிரேக் பிடிக்கும்போது பேட்டரிக்குக் கொஞ்சம் சார்ஜ் திருப்பித் தரும். ஆனால் அதன் எடையும், சார்ஜ் தீர்ந்தபின் மிதிக்கும்போது தெரியும் இழுப்பும் அந்தக் கொஞ்சத்தைச் சாப்பிட்டுவிடும். நகரத்துக்குள் போய்வர கியர் ஹப் போதும்.

பெடல் அச்சில் மாட்டும் மிட் டிரைவ் மலைப்பாதைக்கு நல்லது. மோட்டாரின் விசை கியர் வழியாகப் போவதால் ஏற்றம் ஏறும். பாஃபாங்கின் பி.பி.எஸ். வரிசையும் டாங்ஷெங்கின் டி.எஸ்.டி.இசட்.2-வும் பரவலாக விற்பவை. இவை 68 முதல் 73 மி.மீ. அகலமுள்ள, மரை வெட்டிய குழாய்க்குத்தான் நேராகப் பொருந்தும். மரையில்லாமல் அழுத்திச் செருகும் வகைக் குழாய் என்றால் அடாப்டர் தேவை. செயினும் பல்சக்கரமும் சீக்கிரம் தேயும் என்பதையும் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

4. வாட்டை நம்பாதீர்கள், ஆம்பியரைக் கேளுங்கள்

மோட்டார் மேல் ஒட்டிய ஸ்டிக்கர் என்ன சொன்னாலும், உண்மையில் எவ்வளவு மின்சாரம் போகிறது என்பதைத் தீர்மானிப்பது, பேட்டரிக்கும் மோட்டாருக்கும் நடுவே இருக்கும் கன்ட்ரோலர் என்ற பெட்டி. வோல்ட்டை ஆம்பியரால் பெருக்குங்கள். 36 வோல்ட், 15 ஆம்பியர் கன்ட்ரோலர் உச்சத்தில் 540 வாட் இழுக்கும். 48 வோல்ட், 22 ஆம்பியர் என்றால் ஆயிரத்தைத் தாண்டிவிடும். ஒருவர் '500 வாட்' என்பதும் இன்னொருவர் '250 வாட்' என்பதும் ஒரே மோட்டாராகக்கூட இருக்கலாம்; ஒருவர் உச்சத்தைச் சொல்கிறார், மற்றவர் தொடர் திறனை.

வேகத்தையும் நீங்களே கணக்கிடலாம். விற்பவரிடம் மோட்டாரின் நிமிடச் சுற்றைக் கேளுங்கள். 26 இன்ச் சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 2.07 மீட்டர். நிமிடத்துக்கு 201 சுற்று என்றால் மணிக்கு 25 கி.மீ.; 250 சுற்று என்றால் 31 கி.மீ. ஏற்றம் அதிகமுள்ள இடத்தில் இருப்பவர்கள் குறைந்த சுற்றுள்ளதை வாங்குவதே நல்லது. அதிகச் சுற்று மோட்டார் ஏற்றத்தில் திணறும்போது மின்சாரம் வெப்பமாகத்தான் போகும்.

மிதிப்பதை உணரும் சென்சாரைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை. மலிவு கிட்டில் வருவது காந்த வட்டு; பெடல் சுற்றுகிறதா இல்லையா என்று மட்டும் பார்க்கும். எவ்வளவு அழுத்தி மிதிக்கிறீர்கள் என்பதை அளக்கும் டார்க் சென்சார் விலை கூடுதல். நெரிசலில் ஓட்டுபவர்களுக்குக் கொடுத்த காசுக்குத் தகும்.

5. உண்மையில் நீங்கள் வாங்குவது பேட்டரியைத்தான்

மொத்தச் செலவில் பாதியோ அதற்கு மேலோ பேட்டரிதான். தீப்பிடிக்கக்கூடியதும் அதுதான். நியூயார்க் நகரம் 2023 செப்டம்பர் முதல், மின்சார சைக்கிளுக்கு யு.எல். 2849, பேட்டரிக்கு யு.எல். 2271 தரச்சான்று இல்லாமல் விற்கக் கூடாது என்று சட்டம் போட்டதற்குக் காரணம் அங்கே நடந்த பேட்டரித் தீவிபத்துகள். ஆகவே இந்தப் பகுதியை மட்டும் அவசரப்படாமல் படியுங்கள்.

எவ்வளவு பெரியது வேண்டும்? வோல்ட்டை ஆம்பியர்-அவரால் பெருக்கினால் வாட்-அவர் வரும். 36 வோல்ட், 10 ஆம்பியர்-அவர் என்றால் 360 வாட்-அவர். மிதித்துக்கொண்டே ஓட்டினால் கிலோமீட்டருக்கு 10 முதல் 15 வாட்-அவர் பிடிக்கும். மிதிக்காமல் த்ராட்டிலிலேயே (கைப்பிடி முடுக்கி) போனால் 20-க்கு மேல். அதாவது அந்தப் பேட்டரி மிதிப்பவருக்கு ஏறத்தாழ 30 கி.மீ. தரும், மிதிக்காதவருக்கு 18-ஐத் தொட்டால் பெரிது. விளம்பரத்தில் 60 கி.மீ. என்று போட்டிருப்பார்கள், சமதளம், எதிர்க்காற்று இல்லை, எடை குறைந்த ஆள், குறைந்த உதவி நிலை, இத்தனையும் சேர்ந்தால்தான் அது. உங்கள் தினசரி தூரத்துக்கு ஒன்றரை மடங்கு வருமாறு வாங்குங்கள். பேட்டரி வயதாக ஆகக் கொள்ளளவு குறையும்.

சொன்ன கொள்ளளவு உள்ளே இருக்கிறதா? இதற்கு ஒரு தராசு போதும். 48 வோல்ட் பேட்டரியில் தொடராக 13 செல்கள். 18650 என்ற சாதாரண உருளை செல் ஒன்று பெரும்பாலும் 3.5 ஆம்பியர்-அவருக்கு மேல் கொள்ளாது, எடை 45 முதல் 50 கிராம். 20 ஆம்பியர்-அவர் வேண்டுமென்றால் பக்கவாட்டில் ஆறாறு செல்கள், மொத்தம் 78. செல்களின் எடை மட்டுமே மூன்றரை கிலோவுக்குக் குறையாது. பெட்டி, வயர் எல்லாம் அதற்கு மேல். விற்பனைப் பக்கத்தில் '48 வோல்ட், 20 ஆம்பியர்-அவர், எடை 2.5 கிலோ' என்று இருந்தால் இரண்டில் ஒன்று பொய். எடை பொய்யாக இருக்க வாய்ப்பில்லை.

உள்ளே பி.எம்.எஸ். என்று ஒரு காவல் பலகை இருக்கும். அது தொடர்ந்து தாங்கும் ஆம்பியர், கன்ட்ரோலர் இழுக்கும் ஆம்பியரைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். 22 ஆம்பியர் கன்ட்ரோலருக்கு 15 ஆம்பியர் பி.எம்.எஸ். கொடுத்தால் ஏற்றத்தின் நடுவில் வண்டி பட்டென்று அணைந்துபோகும். பேட்டரியையும் கிட்டையும் வேறு வேறு இடத்தில் வாங்குபவர்கள் அடிக்கடி மாட்டிக்கொள்வது இதில்தான்.

சார்ஜர் விஷயத்தில் கவனம். 36 வோல்ட் லித்தியம் அயனுக்கு முழுச் சார்ஜ் 42 வோல்ட், 48-க்கு 54.6, 52-க்கு 58.8. இதே 48 வோல்ட் பெயரில் லித்தியம் இரும்பு ஃபாஸ்பேட் பேட்டரியும் விற்கிறது. 16 செல் உள்ள அதற்கு 58.4 வோல்ட் சார்ஜர். பிளக் ஒன்றாகவே இருக்கும், மாற்றிச் செருகினால் யாரும் தடுக்கமாட்டார்கள். பி.எம்.எஸ். காப்பாற்றும் என்று நம்பி அந்தச் சோதனையைச் செய்ய வேண்டாம். சார்ஜரின் முதுகில் எழுதியிருக்கும் வெளியீட்டு வோல்ட்டைப் படித்துவிட்டுச் செருகுங்கள்.

விலையைக் குறைக்க ஈய-அமில பேட்டரி போட்ட கிட்டும் வரும். 36 வோல்ட்டுக்கு 12 வோல்ட் பேட்டரி மூன்று. எடை பத்துப் பன்னிரண்டு கிலோ. சைக்கிளின் எடையில் பாதிக்கு மேல் பேட்டரியே என்றால் எதற்கு மோட்டார்?

இனி முக்கியமான முடிவு. கிட்டை எந்த நாட்டிலிருந்தும் வரவழையுங்கள். பேட்டரியை மட்டும் நீங்கள் இருக்கும் நாட்டிலேயே, சாலை வழியாகத் திருப்பி அனுப்பக்கூடிய தூரத்தில் வாங்குங்கள், விலை கூடினாலும் சரி. லித்தியம் பேட்டரி ஆபத்தான சரக்கு வகையில் வருகிறது. தனியாக அனுப்பும் லித்தியம் அயன் பேட்டரியைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றுவது 2016 ஏப்ரல் முதல் தடை. சரக்கு விமானத்திலும் கட்டுப்பாடுகள் ஏராளம். சாதாரணத் தபாலில் திருப்பி அனுப்பப் போனால் வாங்கமாட்டார்கள். 'ஒரு வருட உத்தரவாதம், பழுதான பேட்டரியை எங்கள் கிடங்குக்கு அனுப்புங்கள்' என்று கடல் தாண்டி இருக்கும் விற்பவர் சொன்னால், அது உத்தரவாதம் இல்லை என்பதற்கு இன்னொரு பெயர். எனக்குக் கிட் விற்றவரும் இதே வரியைத்தான் அனுப்பினார். எந்தக் கூரியரில் அனுப்புவது என்று கேட்டதும் பேச்சை நிறுத்திவிட்டார்.

வெளிநாட்டிலிருந்து வரும் சொந்தக்காரர் பெட்டியில் வைத்துக் கொண்டுவரட்டுமே என்ற யோசனை பலருக்கு வரும். விமானப் பயணி கொண்டுபோகக்கூடியது 100 வாட்-அவர் வரை. 160 வரை என்றால் விமான நிறுவனத்தின் அனுமதியோடு. சைக்கிள் பேட்டரிகள் பெரும்பாலும் அதைத் தாண்டிவிடும். மோட்டார் சக்கரத்தைக் கொண்டுவரச் சொல்லலாம், பேட்டரியைச் சொல்லாதீர்கள்.

6. கிட் விலையோடு செலவு முடிவதில்லை

விலைப்பட்டியல் போடும்போது இவற்றையும் எழுதுங்கள்: டார்க் ஆர்ம், ஃப்ரீவீல், டயரும் டியூபும், புது பிரேக் கட்டைகள், கிராங்க் கழற்றும் கருவி, ஃப்ரீவீல் கழற்றும் கருவி, ஒரு மல்டிமீட்டர். சக்கரம் வந்ததும் கோட்டம் எடுக்க ஒரு மெக்கானிக் கூலி. வெளிநாட்டிலிருந்து வந்தால் அனுப்பும் கட்டணம், சுங்க வரி, கூரியர் நிறுவனம் வரி கட்டிக்கொடுப்பதற்கு வாங்கும் கட்டணம். இந்தக் கடைசியைப் பற்றி வீட்டு வாசலில் பெட்டி வந்து நிற்கும்போதுதான் பலருக்குத் தெரியும். கிட் விலையில் கால்வாசியைத் தனியாக எடுத்துவைத்துவிட்டு மீதிக்குள் தேடுங்கள் என்பேன்.

டார்க் ஆர்மை மட்டும் விட்டுவிடாதீர்கள். மோட்டார் சக்கரத்தை ஒரு திசையில் தள்ளும்போது ஆக்சில் எதிர்த்திசையில் திரும்பப் பார்க்கும். அதைப் பிடித்து ஃபிரேமோடு கட்டுகிற இரும்புக் கை அது. இல்லாவிட்டால் ஆக்சில் சுழன்று, வெளியே வரும் வயரை முறுக்கி அறுத்து, சக்கரத்தையும் கழற்றிவிடும்.

7. விற்பவரிடம் எழுத்தில் வாங்க வேண்டியவை

தொலைபேசியில் பேசாதீர்கள். விற்பனைத் தளத்தின் செய்திப் பெட்டியிலேயே கேளுங்கள். பிறகு தகராறு என்று வந்தால் தளம் பார்ப்பது அதை மட்டும்தான். கேட்க வேண்டியவை:

பெட்டிக்குள் என்னென்ன இருக்கும்? படத்தில் பேட்டரி இருக்கும், தலைப்பில் '36 வோல்ட்' இருக்கும், ஆனால் வருவது பேட்டரி இல்லாத கிட். 36 வோல்ட் என்பது மோட்டாருக்கான எண், பேட்டரி தருவதாக அர்த்தம் இல்லை.

ஆக்சிலின் தோள் முதல் தோள் வரை (இரண்டு காதுகளுக்கும் நடுவே உட்காரும் அகலம்) எத்தனை மி.மீ.? கன்ட்ரோலர் எத்தனை ஆம்பியர்? வேகத்தை 25 கி.மீ.க்குக் கட்டுப்படுத்த டிஸ்ப்ளேவில் வழி உண்டா? கன்ட்ரோலர், த்ராட்டில், டிஸ்ப்ளே தனித்தனியாக உதிரியாகக் கிடைக்குமா? கனெக்டர் எந்த வகை? ஒரே நிறுவனம் மட்டும் பயன்படுத்தும் கனெக்டர் என்றால், ஒரு டிஸ்ப்ளே போனால் முழுக் கிட்டும் போன மாதிரி.

பேட்டரியும் அவரிடமே வாங்குவதானால் யு.என். 38.3 சோதனைச் சுருக்க அறிக்கையைக் கேளுங்கள். லித்தியம் பேட்டரியை அனுப்ப வேண்டுமென்றால் இந்தச் சோதனையைத் தாண்டியிருக்க வேண்டும். 2020 முதல் கேட்டால் அதன் சுருக்கத்தைக் கொடுக்க வேண்டும் என்பது விதி. அறிக்கையில் உள்ள மாடல் எண்ணும் வாட்-அவரும் நீங்கள் வாங்குவதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். வேறு ஏதோ ஒரு பேட்டரியின் அறிக்கையை அனுப்புவது சகஜம். இந்தத் தாளைக் கேட்டதும் பதில் வராமல் போனால் நல்லதுதான், நேரம் மிச்சம்.

8. ஆர்டர், சுங்கம், காலம்

பணத்தைத் தளத்தின் வழியாகவே, முடிந்தால் கிரெடிட் கார்டில் கட்டுங்கள். 'நேராக வங்கிக்கு அனுப்பினால் பத்து சதவீதம் தள்ளுபடி' என்பவரிடம் தளத்தின் பாதுகாப்பு எதுவும் கிடைக்காது.

வெளிநாட்டு ஆர்டர் என்றால் விலைப்பட்டியலில் மோட்டாரையும் பேட்டரியையும் தனித்தனி வரியாகப் போடச் சொல்லுங்கள். சர்வதேசச் சுங்கக் குறியீட்டில் மின்மோட்டார் 8501, லித்தியம் அயன் பேட்டரி 8507.60, சைக்கிள் பாகங்கள் 8714 என்று வேறு வேறு தலைப்பில் வருகின்றன. வரி விகிதமும் வேறு. எல்லாவற்றையும் ஒரே வரியில் எழுதினால் அதிக வரியுள்ள தலைப்பில் தள்ளிவிட வாய்ப்புண்டு. பல நாடுகளில் பொருள் விலையோடு அனுப்பும் கட்டணத்தையும் காப்பீட்டையும் சேர்த்துத்தான் வரி கணக்கிடுவார்கள். மதிப்பைக் குறைத்து, 'அன்பளிப்பு' என்று எழுதி அனுப்பட்டுமா என்று விற்பவரே கேட்பார். வேண்டாம் என்று சொல்லுங்கள். பிடிபட்டால் அபராதம் உங்களுக்கு; வழியில் தொலைந்தால் கிடைக்கும் நஷ்ட ஈடும் அந்தக் குறைந்த மதிப்புக்குத்தான்.

எடுத்துவைக்க வேண்டிய தாள்கள்: விலைப்பட்டியல், பணம் கட்டிய ரசீது, அடையாள அட்டை நகல், பொருளின் பக்கத்தை அன்றைக்கே எடுத்த திரைப்பிடிப்பு. திரைப்பிடிப்பு ஏன் என்றால், விற்றபின் பக்கத்தில் எழுதியிருப்பது மாறிவிடும்.

உள்நாட்டு ஆர்டர் நாட்கணக்கில் வரும். விமான வழிக் கிட் வாரக்கணக்கு. கடல்வழி என்றால் மாதக்கணக்கு. ஜனவரி, பிப்ரவரியில் சீனப் புத்தாண்டையொட்டித் தொழிற்சாலைகள் வாரக்கணக்கில் மூடிக்கிடக்கும், அதற்கு முன் போடுங்கள் அல்லது அது முடிந்தபின் போடுங்கள். தளத்தில் புகார் கொடுக்கும் கடைசித் தேதியை நாட்காட்டியில் குறித்துவையுங்கள். 'இன்னும் ஒரு வாரம் பொறுங்கள்' என்று இழுத்து அந்தத் தேதியைத் தாண்டவைப்பது பழைய தந்திரம்.

9. பெட்டி வந்த அன்று

பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே வீடியோவைத் தொடங்குங்கள். ஆறு பக்கத்தையும் காட்டுங்கள். மோட்டார் சக்கரம் கனமானது. ஆக்சில் அட்டையைக் குத்திக்கொண்டு வெளியே வந்திருந்தால் மரை நசுங்கியிருக்கும், ஆக்சிலிலிருந்து வயர் வெளிவரும் இடமும் அடிபட்டிருக்கும். முதலில் அந்த இடத்தைப் பாருங்கள். நட்டைக் கையால் திருகி இரண்டு பக்கமும் ஏறுகிறதா என்று பாருங்கள்.

வயர்கள் ஒன்றோடொன்று தொடாதபடி வைத்துக்கொண்டு சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். தடங்கலில்லாமல் சுற்ற வேண்டும். பேட்டரியை மல்டிமீட்டரில் அளங்கள். விமானத்தில் வந்ததானால் சார்ஜ் குறைவாகவே இருக்கும், அது இயல்பு. 36 வோல்ட் பேட்டரி 30-க்குக் கீழே காட்டினால் வீடியோவில் பதிவுசெய்து விற்பவருக்கு அனுப்புங்கள். 25-க்குக் கீழே என்றால் சார்ஜ் போடவே வேண்டாம். சுழியம் காட்டினால் பதறாமல் சுவிட்ச் ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள்.

அப்புறம், சைக்கிளில் மாட்டுவதற்கு முன்பே எல்லா வயரையும் இணைத்து, சக்கரம் தரையில் படாமல் தூக்கிக் கட்டி, ஓடவிடுங்கள். கனெக்டர்களில் சின்ன அம்புக்குறி இருக்கும். அம்பும் அம்பும் நேருக்கு நேர் வந்தபின் நேராக அழுத்துங்கள். திருகிக்கொண்டே அழுத்தினால் உள்ளே இருக்கும் ஊசி வளையும், வளைந்த ஊசிக்கு உத்தரவாதம் கிடையாது. பிரேக் லீவரைத் தொட்டதும் மோட்டார் நிற்க வேண்டும். நிற்காத கிட்டைச் சைக்கிளில் ஏற்றாதீர்கள். இதையும் வீடியோ எடுத்துவைத்துவிட்டால் புகார் கொடுக்க வேறு சாட்சி தேவையில்லை.

10. மாட்டும்போது

சைக்கிள் வேலை தெரிந்தவருக்கு ஒரு நாள் மதியம் போதும். தெரியாதவர்கள் சக்கரத்தையும் பிரேக்கையும் மெக்கானிக்கிடம் விட்டுவிட்டு வயரிங்கை மட்டும் செய்துகொள்ளலாம். ஆக்சிலிலிருந்து வயர் வெளிவரும் வாய் கீழ்நோக்கி இருக்கட்டும். மேல்நோக்கி இருந்தால் மழைத்தண்ணீர் வயர் வழியாகவே மோட்டாருக்குள் இறங்கும். ஹேண்டிலை முழுக்க இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, வயர் இழுபடவில்லை என்று தெரிந்தபின் டை போட்டுக் கட்டுங்கள்.

புது ஸ்போக்குகள் முதல் சில ஓட்டங்களில் தளரும், ஆக்சில் நட்டும் கொஞ்சம் இடம் கொடுக்கும். ஏறத்தாழ 50 கி.மீ. ஓடியதும் நட்டு, டார்க் ஆர்ம் திருகு, ஸ்போக் மூன்றையும் திரும்ப இறுக்கி, கோட்டம் பாருங்கள். இதைத் தளத்தின் புகார்த் தேதிக்குள் ஓடி முடித்துவிடுவது நல்லது. மோட்டாரின் உள்சத்தம், அணைந்து எரியும் டிஸ்ப்ளே, பாதி வழியில் தீரும் பேட்டரி எல்லாம் அந்த முதல் 50 கி.மீ.க்குள்தான் பெரும்பாலும் தலைகாட்டும்.